ரெண்டுக்கும் ஆகிற லாரி

மனிதர்களில் "ரெண்டுக்கும் ஆகும்" என்றொரு இனம் உண்டு. ஒரு வேலைக்கென்று ஒரு சாமான் வாங்குவது இவர்களுக்கு அவமானம். குடை வாங்கினால் ஊன்றி நடக்கவும் வேண்டும். கட்டில் வாங்கினால் அதற்கடியில் நெல் மூட்டையும் போக வேண்டும். இந்த இனத்தின் தலைமகனைப் பார்க்க நீங்கள் ஏலாக்குறிச்சி லூர்துராஜ் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

அவருக்குத் திருமானூர் பக்கம் ஐந்து ஏக்கர் கரும்பு. மே மாதம் வந்தால் மனைவி மதலேனம்மாள், பிள்ளைகள், மச்சினி குடும்பம் என்று பதினான்கு பேர் வேளாங்கண்ணிக்குப் போய், கூடாரமடித்து, சமைத்துச் சாப்பிட்டு, நான்கு நாள் கழித்துத் திரும்புவது வழக்கம். கரும்பை ஆலைக்குக் கொண்டுபோக, வேளாங்கண்ணி போக, இரண்டுக்கும் வாடகை வண்டிதான். 2003-இல் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ராணுவம் கழித்துவிட்ட லாரி ஒன்றை வாங்கினால் கரும்பையும் ஏற்றலாம், குடும்பத்தையும் ஏற்றலாம்.

திருச்சியில் அப்படிப்பட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து விற்றுவந்த நல்லுசாமியிடம் ஆறு தடவை போனார். லாரி வாங்கப் போகிறவன் எதைப் பார்ப்பான்? என்ஜினை, டயரை. லூர்துராஜோ ஒவ்வொரு லாரியிலும் ஏறி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மல்லாந்து படுத்து, தன் பக்கத்தில் மீதிப் பதின்மூன்று பேரையும் மனசுக்குள் வரிசையாகப் படுக்க வைத்து, பிறகு எல்லோரையும் எழுப்பிவிட்டு, அதே இடத்தில் கரும்பை அடுக்கிப் பார்த்தார். நீள லாரியில் கரும்பு பிரமாதமாக நின்றது. குடும்பம் வெயிலில் காய்ந்தது. வளைகம்பியும் தார்ப்பாயும் போட்ட லாரியில் குடும்பம் சுகமாகத் தூங்கியது. கரும்பு கூரையில் முட்டியது.

நல்லுசாமிக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, கரும்பு ஏத்தவா, படுத்துத் தூங்கவா? ஒண்ணச் சொல்லுங்க, வண்டியக் காட்டுறேன்."

"ரெண்டுக்கும்தான்."

கம்பிகளைக் கழற்றி மாட்டலாம் என்று தெரிந்ததும் கூரை லாரியையே ஓட்டி வந்தார். அதில் ஏற மச்சினிக்கு ஏணி தேவைப்பட்டது. அதனாலென்ன? ஏணி தென்னைமரம் ஏறவும் ஆகுமே.

மே வந்தது. வேளாங்கண்ணிக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ஆலையிலிருந்து கரும்பு வெட்டச் சொல்லி உத்தரவும் வந்தது. வெட்டினால் உடனே கொண்டுபோக வேண்டும். கிடந்தால் எடை போய்விடும். லூர்துராஜ் அசரவில்லை. கூரையைக் கழற்றினார், கரும்பை ஏற்றினார், சாயங்காலம் வந்து கூரையை மாட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் பெரம்பலூர் தாண்டியிருந்த ஆலைக்குப் போனார். அங்கே அவருக்கு முன்னால் அறுபது வண்டிகள். முறை வர மூன்று நாளாகும் என்றார்கள்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் முகம் தொங்கிப் போயிற்று. வீட்டில் பாய், தலையணை, அண்டாவெல்லாம் கட்டி வைத்தாயிற்று; பிள்ளைகள் புதுத்துணியை எடுத்து வைத்திருந்தார்கள். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். மதலேனம்மாள் போனிலேயே விசாரித்தாள்.

"ஏங்க, அங்க நெழல் இருக்கா? தண்ணி இருக்கா?"

புளியமரமும் இருந்தது, அடிபம்பும் இருந்தது.

"அப்ப நாங்க அங்கயே வந்துடுறோம்."

அரியலூரில் பஸ் மாறி, அண்டாவும் தார்ப்பாயுமாகப் பதின்மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். லாரியின் பக்கப்பலகையிலிருந்து புளியமரத்துக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, கல் கூட்டி, கறிக்குழம்பு வைத்தார்கள். வாசனை பிடித்து முன்வண்டி டிரைவர்கள் தட்டோடு வந்தார்கள். இப்படி உட்கார்ந்து சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்றாள் மச்சினி. மூன்றாம் நாள் வரிசை நகர்ந்தபோது, இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று மகள் அனிதா மேரி அழுதாள். வேளாங்கண்ணிக்கு ஜூன் மாதம் பஸ்ஸில் போனார்கள்.

லூர்துராஜ் திருந்தினாரா? எங்கே திருந்த? "ஒரே வண்டி, ஒரே நேரத்துல ரெண்டு வேலை. யாருக்கு அமையும்?" என்று இன்றைக்கும் மார்தட்டுகிறார். அவர் சொல்வது உண்மையாகவும் போய்விட்டது என்பதுதான் வேதனை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் கூடத்தில் உட்காரவும் ஆகும், விரித்தால் படுக்கவும் ஆகும் என்று வாங்கிய சோபா ஒன்று கிடக்கிறதே, அதைக் கடைசியாக எப்போது விரித்தீர்கள்? அதன் மேல் மடிக்காத துணி எவ்வளவு கிடக்கிறது? ஓ, துணி போடவும் ஆகிறதா?