பன்னண்டு சேர் நின்ற வரிசை

கற்பிட்டிக் கடலில் ஓடுகிற போட் எஞ்சின்களில் பாதி எண்ணெயில் ஓடவில்லை. பன்னண்டு சேருக்குப் பயந்து ஓடின.

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் எஞ்சின் திருத்தம் படிப்பித்த ஆசிரியர் அவர்; ஆசிரியரை நாங்கள் சேர் என்போம். எந்தக் கோளாறுக்கும் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர்தான் மருந்து என்பது அவர் கொள்கை. அது எந்நேரமும் சட்டைப்பையிலேயே கிடந்ததால், அவருடைய சட்டைகள் எல்லாம் இடப்பக்கம் ஒரு சாண் இறங்கியிருக்கும். பன்னண்டு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே அவரின் சொந்தப் பெயரை நிலையத்து அதிபரே மறந்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். ஆகவே சேர் சொல்வதையெல்லாம் கொப்பியில் எழுதினேன். குழப்பம் அங்கேதான் தொடங்கியது. திங்கட்கிழமை, "பொம்புளக் கையால இந்தக் கயித்த இழுத்து எஞ்சின ஸ்டார்ட் பண்ண ஏலா" என்பார். எழுதிக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை, வகுப்பிலிருந்த மூன்று பெண்களையும் பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை அதே கயிற்றை இழுக்கவைப்பார். வெட்டிவிடுவேன்.

அந்த மூவரில் மூத்தவர் கரைத்தீவு ஜெஸீலா ராத்தா. எங்கள் பக்கம் அக்காவை ராத்தா என்போம். கணவர் மௌத்தான பிறகு அவருடைய எஞ்சின் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் தானே ஓடவைத்து, முற்றத்தில் ஒரு திருத்துமிடம் போட வேண்டும் என்பது ராத்தாவின் எண்ணம். அதற்குச் சான்றிதழ் வேண்டும். ஆனால் நாங்கள் ஆண்கள் பத்துப்பேரும் காலையில் கருவிகளை அள்ளிக்கொண்டால் அவர்களுக்கு மிஞ்சுவது எண்ணெய்த் துணியும் விளக்குமாறும்தான். "பாரம் தூக்காதீங்க ராத்தா" என்று விளக்குமாற்றை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மரியாதை என்று நினைத்துத்தான்.

அப்போது தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாலின சமத்துவம், பாதுகாப்பான சூழல் என்றெல்லாம் இருந்தது. கடைசியில், பெண் பயிலுநர்களுக்குப் பூட்டக்கூடிய அறையொன்றை ஒதுக்கி, சாவியை அவர்களிடமே கொடுக்கும்படி உத்தரவு. எங்கள் நிலையத்தில் பூட்டுள்ள அறை ஒன்றே ஒன்றுதான்: கருவி அறை.

சேர் சாவியை ராத்தாவிடம் கொடுத்துவிட்டார்.

"சேர், சாமான்கள் எல்லாம் உள்ளுக்கு ஈக்கே?" என்றேன்.

"அதுகள வெளிய எடுக்கச் சொல்லி கடிதத்துல இல்லயே, மகன்."

தன் பன்னண்டையும் உள்ளே வைத்துவிட்டார். மறுநாள் காலை, கருவி அறையின் கம்பியடித்த சின்ன ஜன்னலுக்கு முன்னால் வரிசை. வரிசையில் சேரும் நின்றார்.

"ராத்தா, ஒரு ஸ்பேனர் தாங்க" என்றேன் நான்.

"எத்தனயாம் நம்பர்?"

"ஏதாவது ஒண்டு."

"எதக் கழட்டப் போறீங்க?"

"பாத்துத்தான் சொல்லணும்."

"அப்ப பாத்துட்டு வாங்க. அடுத்த ஆள்!"

அந்த ஒரு மாதத்தில் நான் படித்த அளவுக்கு அதற்கு முன் படித்ததில்லை. உள்ளே அவர்கள் மூவரும் காபரேட்டர்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். தலைமையகத்திலிருந்து பார்க்க வந்த அதிகாரி அம்மா திகைத்துப்போய், "இதுவா பாதுகாப்பான அறை?" என்று கேட்டார். "ஓம் மேடம், ஒரு நட்டுக்கூட களவு போகல்ல" என்றார் சேர்.

செய்முறைப் பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் வகுப்பு றிஸ்வி என்றொருவன், எஞ்சின்மேல் குனிந்திருந்த ராத்தாவை அவருக்குத் தெரியாமல் படமெடுத்து, 'எஞ்சினுக்குப் பிரசவம்' என்று எழுதி ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். மதியம் லுஹர் தொழுகைக்கு முன்பே ராத்தாவின் நானா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நேரே கருவி அறைக் கதவுக்குப் போனார்.

சேர் குறுக்கே நின்றார். "தட்டுங்க."

"என்ட தங்கச்சி!"

"ஓம். தட்டுங்க."

தட்டினார்.

"ஆரு? என்ன வேணும்?" என்று உள்ளேயிருந்து குரல்.

அவர் விழித்தார். "எதுக்கெண்டும் கேப்பா, யோசிச்சு வச்சுக்கங்க" என்று சேர் காதோடு சொன்னார்.

"நான்தான். வா, வூட்ட போவம். இனிப் படிச்சது போதும்."

கதவு திறந்தது. முழங்கைவரை கிரீஸ். "படம் எடுத்தது அவன், நானா. வூட்ட நான் ஏன் போகணும்?"

சேர் தலையைச் சொறிந்தார். பிறகு றிஸ்வியைப் பார்த்து, "கேள்வி சரிதானே? எல்லாருக்கும் முன்னால படத்த அழிச்சிட்டு, பிழை என்னுடையதெண்டு அந்தக் குரூப்லயே எழுதிட்டு, நீங்க வூட்ட போங்க. பரீட்ச அடுத்த தடவ எழுதலாம்" என்றார்.

நானாவுக்குக் கதிரை போட்டுக் கொடுத்தோம். உட்கார்ந்தார். ராத்தா கயிற்றை இழுத்தார். எஞ்சின் முதல் இழுப்பில் இருமியது, இரண்டாவதில் புகைத்தது, மூன்றாவதில் ஓடியது. மறுநாள் அதே மோட்டார் சைக்கிளில் நானாவே கொண்டுவந்து விட்டார். பரீட்சையில் ராத்தா பாஸ். இன்று நுரைச்சோலையிலிருந்தெல்லாம் அவர் முற்றத்துக்கு எஞ்சின் வருகிறது.

ஒருநாள் சேரிடம் கேட்டேவிட்டேன். "கருவி அறைச் சாவிய விளங்கித்தான் ராத்தாக்கிட்ட குடுத்தீங்களா சேர்? இல்லாட்டி வேற அறை இல்லாததாலயா?"

அவர் பையைத் தடவினார். "என்ட பன்னண்டு எங்க?"

அதையும் கொப்பியில் எழுதினேன். இன்னும் வெட்டவில்லை.

சேர் ஓய்வு பெற்றுவிட்டார். வகுப்பு இப்போது என்னுடையது. பூட்டுள்ள வேறு அறைகளும் கட்டியாயிற்று. ஆனாலும் கருவி அறைச் சாவி பெண்களிடம்தான். காலையில் நானும் ஜன்னலடியில் வரிசையில் நிற்கிறேன், கொஞ்சம் ஒதுங்கியே. சேருடைய அந்தத் தொங்குகிற சட்டைப்பைக்கும் இடம் வேண்டுமே.