உத்தரவாதம் யார் பேரில்?

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் வைத்து, ரிஜெக்ட் சார் தன் மனைவிக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். இனிமேல் இந்த வீட்டுக்குள் ஒரு கத்திகூட வராது.

அன்றைக்கு வீட்டில் நாற்பது கத்திகள் இருந்தன. எல்லாமே சட்டைப்பையில் அடங்குகிற மடக்குக் கத்திகள். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெட்டி, பெட்டிக்குள் மெத்தை, மெத்தைமேல் துணி. வீட்டில் மனிதர்கள் படுக்கிற மெத்தைக்கு அத்தனை கவனிப்பு கிடையாது.

"நாப்பது கத்தி இருக்கிற வீட்டுல வெங்காயம் நறுக்க ஒரு கத்தி இல்ல" என்றாள் மனைவி.

"அதெல்லாம் சேகரிப்புக் கத்தி. வெட்டக் கூடாது."

"வெட்டாத கத்தியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"பாக்கணும்."

"பாத்தா?"

"பாத்துட்டு மூடி வெச்சிடணும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. கத்தி விஷயத்தில் அவள் ஒருநாளும் கத்தியதில்லை. மெதுவாகப் பேசியே ஆளை மடக்கிவிடுவாள். மடக்குக் கத்தி செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவருக்கு, இத்தனை சத்தமில்லாமல் மடங்குகிற பொருள் தான் ஒருவர்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. வாக்குக் கொடுத்துவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார்.

தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். கத்தியைத் திறப்பார். சத்தத்தைக் கேட்பார். விளக்கடியில் பிடித்து, ப்ளேடு கைப்பிடிக்கு நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு மயிரிழை ஒதுங்கியிருந்தாலும் "ரிஜெக்ட்" என்று சொல்லிச் சிவப்புத் தட்டில் போடுவார். நல்ல கத்தி பச்சைத் தட்டுக்குப் போகும், அவருடைய ஏழாம் நம்பர் முத்திரையோடு. சிவப்புத் தட்டுதான் சீக்கிரம் நிரம்பும். அதனால் வந்த பெயர்தான் ரிஜெக்ட் சார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் புழக்கத்தில் இல்லை.

வாக்குக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பதினேழாம் எண் அவர் மேசைக்கு வந்தது. முந்நூறே முந்நூறு கத்திகள் மட்டும் செய்த வரிசை அது. கறுப்புக் கைப்பிடி, நீலம் ஓடிய உருக்கு. பதினேழைத் திறந்தார். சத்தம் சரி. நடு சரி. கைப்பிடிக்கும் அதன் உள்தகட்டுக்கும் நடுவில் இடைவெளி தேடினார், இல்லை. பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினார். கண்ணாடியில் கோளாறோ என்று வேறு கண்ணாடி வாங்கித் தேடினார். குறை இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவரால் ஒன்றுமே சொல்ல முடியாமல் போன முதல் பொருள் அது. அவருக்குக் கொஞ்சம் கண் கலங்கிவிட்டது. வேலை செய்கிறவர்களுக்கான கடையில் அன்றைக்கே அதை வாங்கிவிட்டார்.

வீட்டில் எங்கே வைப்பது? அலமாரியின் மேல்தட்டில், தன் முதுகு எக்ஸ்ரே இருந்த பெரிய உறைக்குள் போட்டார். உத்தரவாத அட்டையைப் பூர்த்தி செய்யவில்லை. பூர்த்தி செய்து அனுப்பினால் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு நன்றிக் கடிதம் வரும். அந்த நன்றியை யார் பிரித்துப் படிப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அட்டை வெறுமையாகவே பெட்டிக்குள் கிடந்தது.

அதற்கப்புறம் அவருடைய கண் களைத்துவிட்டது என்று சொல்லி மேனேஜர் அவரை உத்தரவாதப் பிரிவுக்கு மாற்றினார். களைப்பு என்றால் என்ன என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. தினமும் பார்சல்கள். கத்தியைப் பெட்டியைவிட்டு எடுக்காமலே இருபது பக்கம் புகார் எழுதுகிறவர்கள். திறக்கும்போது வருகிற சத்தம் போன வருஷக் கத்தியின் சத்தம் மாதிரி இல்லை என்று ஒருவர். பெட்டியின் துணி வேறு நீலம் என்று ஒருவர். எல்லோருக்கும் பதில் எழுத வேண்டும். உத்தரவாதம் என்ற சொல்லில் உத்தரவு இருக்கிறது, வாதமும் இருக்கிறது. வீட்டில் உத்தரவு மனைவியுடையது, ஆபீஸில் வாதம் வாடிக்கையாளருடையது. இரண்டுக்கும் நடுவில் அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தைக் குறைக்க அவரே ஒரு ஃபாரம் தயாரித்தார். பதினோரு கேள்விகள், பின்பக்கம் பொடி எழுத்தில் விதிகள். முதல் விதி: உத்தரவாத அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், வேறு எந்தச் சாட்சியும் செல்லாது. ஃபாரத்தைக் கண்டதும் பாதிப் பேர் புகாரை விட்டுவிட்டார்கள். மேனேஜர் பாராட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூன்றாவது பார்சலைப் பிரித்தார். கறுப்புக் கைப்பிடி. நீலம் ஓடிய உருக்கு. பதினேழு. முனை ஒரு நெல் நீளத்துக்குக் காணோம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தார். இருந்தாலும் இன்னொருமுறை உட்கார்ந்தார்.

கூடவே உத்தரவாத அட்டை. பெயர் இடத்தில் மனைவியின் பெயர், மனைவியின் கையெழுத்தில். முகவரி இடத்தில் அவளுடைய அக்கா வீட்டு முகவரி. ஃபாரம் ஒரு கேள்வி விடாமல் நிரப்பப்பட்டிருந்தது.

பொருள் எப்படிப்பட்ட இடத்தில் வைக்கப்பட்டிருந்தது? "இருட்டான, ஈரமில்லாத, எனக்குத் தெரியாத இடத்தில். ஒரு எக்ஸ்ரே உறைக்குள். முதுகெலும்புக்குப் பக்கத்தில்."

என்ன செய்யும்போது பழுது ஏற்பட்டது? "வாஷிங் மெஷினின் அடி மூடியைத் திறக்கும்போது. அதைத் திறந்து தருவதாக என் வீட்டுக்காரர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்."

அவர் யோசித்தார். இது தன் கத்தி என்று சொல்ல முடியாது. சொன்னால் வாக்குத் தவறியதை ஒப்புக்கொண்டதாகும். அவளுடைய கத்தி என்று ஏற்றுக்கொள்ளவும் மனம் வரவில்லை. தவறான உபயோகம் என்று நிராகரித்தால், முனை போன பதினேழு அக்கா வீட்டுக்குப் போய், அங்கிருந்து நேரே தன் வீட்டுச் சமையலறைக்கு வந்து சேரும். நினைக்கவே முதுகு வலித்தது.

சாயந்தரம் வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ்ல இன்னைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. வழக்கம்போல பார்சல்."

"நல்ல பார்சலா?"

"யாரோ ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. அருமையான கத்தி. அதைப் போய் மூடி திறக்க உபயோகிச்சிருக்காங்க."

"பாவம். அவங்களுக்கு எப்படித் தெரியும், அது வெட்டுற கத்தியா பாக்குற கத்தியான்னு? வாங்கினவங்க சொல்லியிருக்கணும்."

"வாங்கினவங்க ஏதோ காரணத்தால சொல்லாம இருந்திருக்கலாம்."

"என்ன காரணம்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று ஒப்புக்கொண்டு, அவருடைய சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தாள். "சரி பண்ணிக் கொடுப்பீங்கல்ல?"

"கஷ்டம். விதி இருக்கு."

"நீங்க நினைச்சா முடியும்" என்றாள். அவரைப் பற்றி அவள் இப்படிச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. அதனாலேயே அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஒரு திட்டம் பிறந்தது. அவருடைய வாழ்க்கையில் பிறந்த திட்டங்களிலேயே இதுதான் குறையில்லாதது என்று நினைத்தார். ஃபாரத்தின் ஒன்பதாம் விதிப்படி, சரிசெய்ய முடியாத சேகரிப்புக் கத்தி திருப்பித் தரப்படாது, உடைத்து அழிக்கப்படும். உடனே ஒரு கடிதம் அடித்தார். "தங்கள் கத்தியைச் சரிசெய்ய இயலாது. விதிப்படி அடுத்த வார வெள்ளிக்கிழமை அழிக்கப்படும். வருந்துகிறோம். ஈடாகத் தங்களுக்கு ஒரு சமையலறைக் கத்தி வழங்கப்படும்."

அவளுக்கு வெங்காயம் நறுக்கக் கத்தி. அவருக்குப் பதினேழு. இரண்டு பக்கமும் சமாதானம். மனைவிக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பிச் சண்டையைத் தீர்த்த முதல் கணவன் தான்தான் என்று ஒரு பெருமைகூட வந்தது. கிடங்கில் அந்த வரிசைக்கென்று ஒரே ஒரு மாற்று ப்ளேடு இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் சாப்பிடாமல் உட்கார்ந்து பொருத்தினார். திறந்தார். அதே சத்தம். அதே நடு. துடைத்துத் தன் மேசையின் அடி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். அன்றைக்கு மட்டும் களைப்புத் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேனேஜர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் போனால், நல்ல புடவை கட்டிக்கொண்டு, மடியில் கைப்பையோடு, மனைவி உட்கார்ந்திருந்தாள். முன்னால் தேநீர். அவருக்கு அந்த அறையில் இதுவரை தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

"வாங்க சார்" என்றார் மேனேஜர். "இந்த மேடம் பதினேழாம் நம்பர் உரிமையாளர். ஒன்பதாம் விதியோட கடைசி வரியைப் படிச்சுட்டு வந்திருக்காங்க. அழிக்கும்போது உரிமையாளர் விரும்பினால் நேரில் பார்க்கலாம். அப்படி ஒரு வரி இருக்கிறதே எனக்குத் தெரியாது. யார் எழுதினது?"

"நான்தான்" என்றார் ரிஜெக்ட் சார்.

"வணக்கம் சார்" என்றாள் மனைவி.

"வணக்கம்... மேடம்."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவளுக்கு அவர் வணக்கம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"கத்தியைக் கொண்டு வாங்க. அழிச்சிடலாம்" என்றார் மேனேஜர்.

அவர் போனார். இழுப்பறையைத் திறந்தார். ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். புது ப்ளேடு பளபளத்தது. உடைக்கவா? கை வரவில்லை. கொண்டுபோய் மேசைமேல் வைத்தார்.

மேனேஜர் திறந்து பார்த்தார். "முனை இருக்கே."

"இருக்கு சார்."

"சரிசெய்ய இயலாதுன்னு எழுதியிருக்கீங்க."

"முடியாதுன்னுதான் நினைச்சேன். முடிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் வாயைத் திறந்தார். மனைவிதான் பேசினாள். "என்னை ஆச்சரியப்படுத்தணும்னு நினைச்சிருப்பார். சாருக்கு நல்ல மனசு."

மேனேஜருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இப்படி ஒரு சேவையை இந்தத் தொழிற்சாலை கண்டதில்லை என்றார். இதுதான் கடைசி வாய்ப்பு என்று ரிஜெக்ட் சார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஆனா சார், மேடம் இதால மூடியைத் திறந்திருக்காங்க. தவறான உபயோகம். உத்தரவாதம் செல்லாது."

மனைவி கைப்பையிலிருந்து பெட்டியோடு வந்த காகிதத்தை எடுத்தாள். "இதுல 'எந்த வேலைக்கும் எப்போதும் தயார்'னு போட்டிருக்கே. மூடி திறக்கிறது எந்த வேலையில சேராது?"

"அந்த வரி நான் எழுதினது" என்றார் மேனேஜர், கொஞ்சம் வெட்கத்தோடு. "முதல் தடவையா ஒருத்தர் படிச்சிருக்காங்க. மேடம் சொல்றது நியாயம். மூடி திறந்ததுக்கே முனை போச்சுன்னா கத்தியிலதான் கோளாறு. பாஸ் பண்ணி விட்டது யாரு? ஏழாம் நம்பர் முத்திரை. யாரோடது அது?"

அந்தக் கத்தியில் குறை எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும். இந்த உலகத்தில் அது ஒன்றுதான் அப்படி என்றும் தெரியும். அதைச் சொன்னால் மனைவி பொய்க்காரி ஆவாள். அவள் பொய்க்காரி ஆனால் அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும்.

"என்னோடது" என்றார். அறிக்கையில் "பரிசோதனையில் கவனக்குறைவு" என்று தன் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

"இந்தக் கத்தி உங்களுக்கு எப்படி மேடம் கிடைச்சுது?" என்று மேனேஜர் சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

ரிஜெக்ட் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் வீட்டுக்காரர் எனக்காக வாங்கி வெச்சது" என்றாள் அவள். "கையில கொடுக்கக் கூச்சப்பட்டு ஒளிச்சு வெச்சிருந்தார்."

"கொடுத்து வெச்சவங்க நீங்க. அவர் எங்க வேலை பாக்கறார்?"

"ஒரு கம்பெனியில தப்பு கண்டுபிடிக்கிற வேலை."

"வீட்டுலயும் கண்டுபிடிப்பாரா?"

"தேடுவார். கிடைக்காது."

மேனேஜர் சிரித்தார். பிறகு கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார். "ஈடா சமையலறைக் கத்தின்னும் எழுதியிருக்கோம். எழுதினது எழுதினதுதான். சார், அதையும் ஒண்ணு கட்டிக் கொடுத்துடுங்க."

அவர் கட்டிக் கொடுத்தார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வரச் சொன்னார் மேனேஜர். போகும் வழியில் மனைவி வரவேற்பு மேசையில் நின்று, சேவை எப்படி இருந்தது என்று மதிப்பெண் போடும் சீட்டை எடுத்து, ஐந்துக்கு எத்தனை என்ற கட்டத்தில் நிதானமாக எழுதிப் பெட்டியில் போட்டாள்.

சாயந்தரம் வேலை முடியும்வரை தெருமுனைக் கடையில் அவருக்காகக் காத்திருந்தாள். ஒரே பேருந்தில் ஏறினார்கள். ஜன்னலோர இடத்தை அவருக்குக் கொடுத்தாள். இரண்டு கத்தியும் அவள் மடியில் இருந்தன. நாலு நிறுத்தம் தாண்டியது.

"மூணாம்" என்றார் கடைசியில். "வரவேற்புல இருக்கறவங்க பெட்டியைத் திறந்து உன் சீட்டை எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் காமிச்சாங்க. கத்தியை ரிப்பேர் பண்ணிக் கொடுத்து, தப்பை என் தலைமேல போட்டுக்கிட்டு, வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பியிருக்கேன். அஞ்சுக்கு மூணுதானா?"

"ரெண்டுதான் போட்டேன்" என்றாள் அவள், முன்னால் பார்த்துக்கொண்டே. "அப்புறம் பாவம், நம்ம வீட்டுக்காரராச்சேன்னு ஒண்ணு சேர்த்துப் போட்டேன்."