மூன்றாம் தொட்டியின் வெள்ளி விரதம்

மீனைச் சைவமாக்கிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எண்ணெய் அண்ணை. நம்பாதவர்கள் என் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

பல்கலைக்கழக மீன் ஆய்வுகூடத்தில் தீன் குழைத்துப் போடுவது அவர் வேலை. தொண்டைமானாற்றிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் ஏறினால் பக்கத்து சீற் தானாகவே காலியாகிவிடும், அவ்வளவு எண்ணெய் மணம்.

என் ஆய்வு இதுதான். பூஞ்சணம் பிடித்த கச்சான் கடலையில் ஊறும் ஒரு நஞ்சு ஈரலில் புற்றுநோய்க் கட்டியை வரவைக்கும். அதை மூன்று தொட்டி மீன்களுக்கும் ஒரே அளவில் கொடுத்தேன். பிறகு முதல் தொட்டிக்குத் தேங்காயெண்ணெய்த் தீன், அடுத்ததற்கு நல்லெண்ணெய்த் தீன், மூன்றாவதற்கு மீனெண்ணெய்த் தீன். எந்தக் கொழுப்பில் கட்டி கூடும், எதில் குறையும்? என் பட்டமே அந்த விடையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு விரிவுரை. ஆய்வின் ஆறாம் மாதம் ஒரு வெள்ளி அது நடக்கவில்லை, ஆய்வுகூடத்தை எட்டிப் பார்த்தேன். அண்ணை மூன்றாம் தொட்டிக்கு நல்லெண்ணெய்த் தீனை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயோ அண்ணை! இது மீனெண்ணெய்த் தொட்டியெல்லோ!”

“ஓம் பிள்ளை. ஆனா இண்டைக்கு வெள்ளி. நான் மீன், மச்சம் தொடமாட்டன்.”

“விரதம் உங்களுக்கு. மீனுக்கு என்ன?”

“என்ரை கையாலை தின்னுறதுகள்தானே. அதுகளுக்கும் விரதந்தான்.”

“எப்ப தொடக்கம்?”

“முதல் வெள்ளியிலை இருந்து.”

வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்து அழுதேன். அண்ணை பதறிப்போனார். “அழாதையும் பிள்ளை, நான் ஒண்டும் ஒளிக்கேல்லை” என்று தீன் கொப்பியை நீட்டினார். நான் நிறையை மட்டும் பார்த்துவிட்டு மூடும் கொப்பி அது. ஒவ்வொரு வெள்ளிக்கும் நேரே குண்டு எழுத்தில் ‘மூண்டுக்கு மரக்கறி’ என்று இருந்தது. ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை.

பேராசிரியர் அதைப் பார்த்து இருமும்வரை சிரித்தார். “மனிசன் உள்ளதை எழுதியிருக்கிறார். நீரும் உள்ளதை எழுதும். ஆறு நாள் மீனெண்ணெய், ஒரு நாள் நல்லெண்ணெய்.”

கடைசியில் ஈரல்களை வெட்டிப் பார்த்தோம். மூன்றாம் தொட்டியில்தான் கட்டி ஆகக் குறைவு. மீனெண்ணெயாக இருக்கும் என்றேன். அண்ணை காதில் வாங்கவேயில்லை. “எங்கடை ஊர்ச் சன்னதி முருகன் காப்பாத்தினவர். ஏழு நாளும் விரதமெண்டால் ஒரு கட்டியும் வந்திராது.”

பட்டம் கிடைத்தது. அண்ணை போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அதே ஆய்வுகூடத்தில் என் தொட்டிகளுக்கு வெள்ளியிலும் மீனெண்ணெய்த் தீன்தான். அதை மாணவரிடம் விடுவதில்லை, நானே போடுகிறேன். போடுமுன் ஒருதரம் வாசலைப் பார்ப்பேன். அண்ணை ஓடிவந்து என் கையைப் பிடித்துத் தடுக்கமாட்டாரா என்றிருக்கும்.