யார் வீட்டு ரத்தம்?

பொய் யார் வீட்டு ரத்தம் என்பதை வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்திலேயே நிரூபித்துவிடுவது என்று ஜெயசீலன் முடிவு செய்துவிட்டான். வீட்டுக்கு வீடு முறை வைத்து நடக்கும் கூட்டம். இந்த வாரம் வாணியம்பாடியில் அவன் வீட்டில். தேவசெய்தி கொடுப்பதும் அவனேதான்.

காரணம் மகள் ஜோதி. இரண்டாம் வகுப்பு. வீட்டுப்பாடம் எழுதாததற்கு, தாத்தா செத்துட்டார் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். செத்த தாத்தா அன்று சாயங்காலமே அவளை அழைத்துப்போகக் குடையோடு ஸ்கூல் வாசலில் வந்து நின்றார். டீச்சருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

"எல்லாம் உங்கப்பா வழி," என்றான் மனைவி பூர்ணிமாவிடம்.

"உங்க வழியா இருந்தா?"

"சபை முன்னாடி ஒத்துக்கிறேன். உங்க வழின்னா உங்கப்பா இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

பூர்ணிமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "எந்த வேதபாகம்?"

"ஆதியாகமம். ஆபிரகாம் உயிருக்குப் பயந்து பொண்டாட்டியைத் தங்கச்சின்னு சொன்னாரு. புள்ள ஈசாக்கும் அதே பொய்யைச் சொன்னாரு. பரம்பரைப் புத்தி."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "நல்லா யோசிச்சுத்தான் எடுத்தீங்களா?"

"ஏன், சுடுதா?"

"எனக்கு இன்னா. நம்ம ஃபேக்டரியிலருந்து ஒருத்தரைக் கூப்பிடவா?"

"பத்துப் பேரைக் கூப்பிடு."

வெள்ளிக்கிழமை ஹால் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் போதகர். ஜெயசீலனுக்குக் குரல் கணீரென்று எழும்பியது.

"பொண்டாட்டியைத் தங்கச்சின்னு சொல்றவன் இன்னா மனுசன்?" என்று அவன் கேட்கவும் மனோரமா உள்ளே வரவும் சரியாக இருந்தது. ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் பூர்ணிமாவின் தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர். கையில் தட்டு. தட்டில் பூ, பழம், வெற்றிலை பாக்கு.

புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே யூனிட்டில் வேலை கிடையாது என்பதால், போன வருஷம் பூர்ணிமாவைத் தங்கச்சி என்று சொல்லி, தான் வேலை பார்க்கும் அந்த யூனிட்டிலேயே சேர்த்துவிட்டவன் ஜெயசீலன்தான். அது இப்போதுதான் பாவிக்கு ஞாபகம் வந்தது.

"தப்பா நினைக்காதீங்க சார். வாலாஜாபேட்டையில என் தம்பி இருக்கான். உங்க தங்கச்சியை அவனுக்குக் கேக்கலாம்னு வந்தேன். அண்ணன்கிட்ட பேசிக்குங்கன்னு பூர்ணிமாதான் சொல்லுச்சு."

போதகர் பைபிளை மூடிவிட்டார். ஜெயசீலன் மனசுக்குள் கணக்குப் போட்டான். நிஜத்தைச் சொன்னால் இரண்டு வேலையும் போகும். சொல்லாவிட்டால் பெண்டாட்டியே போவாள்.

மனோரமா ஜோதியின் கன்னத்தைத் தட்டினாள். "சார் பொண்ணா நீ? உங்கம்மா எங்க பாப்பா?"

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜோதி அப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அவ்வளவுதான்.

"அம்மா ஊருக்குப் போயிருக்காங்க. இவங்க எங்க அத்தை," என்றாள், கண்ணைக்கூட இமைக்காமல்.

சபை மொத்தமும் ஜெயசீலன் பக்கம் திரும்பியது.

பூர்ணிமா நிதானமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. பொய் யார் வழியில வருதுன்னு அண்ணன் இப்பதான் சொல்லப் போறாரு."