பக்கத்துக் கூண்டுக்கும் பரவிய மருந்து

ஏ கூண்டு எலிகள் இன்றும் தீனியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டன. பி கூண்டிலோ காலித் தட்டு பளபளத்தது.

பசியை அடக்கும் ‘அமிலின்’ என்ற ஹார்மோனைப் போலவே செய்த புது மருந்து. ஒரு ஊசி போட்டால் ஒரு வாரம் தாங்குமாம். இரண்டு குப்பிகளில் ஒன்றில் மருந்து, மற்றதில் உப்புத் தண்ணீர்; கூண்டுக்கு ஒரு குப்பி. எதில் எது என்பதைக் கம்பெனி கடைசியில்தான் சொல்லும் என்பது ஏற்பாடு. பேராசிரியருக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஏ-தான் மருந்து என்று நிதிக்குழுவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

ஆய்வு மாணவிக்கு அது சரியாகப் படவில்லை. ஏ கூண்டு இருந்தது சுவரோரம். சுவருக்கு அந்தப் பக்கம் தச்சர்கள் பகலெல்லாம் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று கூண்டுகளை இடம் மாற்றி வைத்தாள். மறுநாள் ஏ எலிகள் தீனியை வெளுத்துக் கட்டின. பி எலிகள் பட்டினி.

"சத்தத்துலதான் சாப்பிடலையோன்னு தோணுது சார்," என்றாள் தயங்கியபடி.

"எத்தனை எலியைப் பார்த்தவன் நான்! மருந்து நிதானமா வேலை செய்யுதும்மா. அப்ப பி-தான் மருந்து."

குழுவுக்கு மறுபடியும் போன் போயிற்று. இரண்டுக்கும் ஒரே நிலைமை இருந்தால் வம்பில்லை என்று அவள் இரண்டு கூண்டுகளையும் சுவரோரமே சேர்த்து வைத்தாள். இப்போது ஒரு எலிகூட வாயைத் திறக்கவில்லை. அன்று பார்த்துக் குழு நேரில் வந்து நின்றது. இதோடு தன் பட்டம் போச்சு என்று மாணவி முடிவே கட்டிவிட்டாள்.

பேராசிரியர் அசரவில்லை. தச்சர்களைப் பற்றி அவள் வாயெடுத்ததும் ஒரு முறை முறைத்துவிட்டு, குழுவின் பக்கம் திரும்பினார்.

"மருந்து மூச்சுக்காத்து வழியாவே பக்கத்துக் கூண்டுக்குப் போயிருக்கு. அவ்வளவு வீரியம்."

நாற்காலி கொள்ளாத உடம்போடு உட்கார்ந்திருந்த குழுத் தலைவர், நாற்காலியை மெல்லக் கூண்டருகே நகர்த்தி ஆழமாக மூச்சிழுத்தார். உள்ளே வந்ததிலிருந்து தனக்கும் பசி குறைந்திருப்பதாக ஒப்புக்கொண்டார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். நிதியை இரட்டிப்பாக்குவது பற்றிப் பேச்சு எழுந்த நேரத்தில் போன் அடித்தது. மருந்துக் கம்பெனி. பாராட்டு எல்லார் காதிலும் விழட்டும் என்று பேராசிரியர் ஸ்பீக்கரைப் போட்டார்.

பார்சல் கட்டும் பெண் பேசினாள்: "தாமதத்துக்கு மன்னிச்சுக்குங்க சார், மருந்து அடுத்த வாரம்தான் வரும். அதுவரைக்கும் ஊசி போட்டுப் பழகிக்க ரெண்டு குப்பி உப்புத் தண்ணி அனுப்பினோமே, வந்துதா?"