சடையப்பனுக்குச் சொந்தமாக ஒன்றுமில்லை

தனக்கென்று ஒன்றுமே இல்லாத முதலாளி என்று ஒரு ரகம் உண்டு. சாமியார் என்று நினைத்துவிடாதீர்கள். நம் மரக்காணம் சடையப்பனையே எடுத்துக்கொள்ளுங்களேன். உப்பளக் குத்தகை மனைவி பேரில், லாரி மச்சான் பேரில், மெயின் ரோட்டு டீக்கடை செத்துப்போன மாமனார் பேரில், உப்பைப் பாக்கெட் போடும் கொட்டகையோ, பெண்களுக்குச் சலுகைக் கடன் என்று யாரோ சொல்லப்போக, அங்கேயே கூலிக்கு உப்பு அள்ளும் கொளஞ்சியம்மாள் பேரில். அவர் பேரில் இருந்தது ரேஷன் கார்டு ஒன்றுதான். "நமக்கு என்னாங்க இருக்குது? ஏதோ கூடமாட பாத்துக்கிறேன்" என்பார். இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

கடன் கொடுத்த ஆபீஸ் ஜீப் ரோட்டிலிருந்து திரும்பியதுமே இந்த ரகம் நாற்காலியை விட்டு எழுந்துவிடும். கொளஞ்சியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து அதில் உட்காருவாள். சடையப்பன் ஓரமாக நின்று மூட்டை எண்ணுவார். "யாரு கேட்டாலும் நான்தான் ஓனர்னு சொல்லணும். சிரிக்கக் கூடாது. என் பக்கம் பாக்கவே கூடாது" என்று ஒன்பது வருஷமாகப் பாடம் நடந்தது. முதல் தடவை சிரித்துவிட்டாள். அப்புறம் பிசகியதே இல்லை. கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததும் அவரேதான்.

2005-இல் வந்தது வினை. சின்னத் தொழில் நடத்துகிறவர்கள் உண்மையான உரிமையாளர் யாரென்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இன்று சொல்லாதவர் நாளைக்கு வந்து என்னுடையது என்று கேட்க முடியாதாம். ஃபாரத்தோடு ஆபீசரே வந்துவிட்டார்.

"ஏம்மா, இந்தக் கொட்டகைக்கு நெஜமான ஓனர் யாரு?"

"நான்தாங்க."

"வேற யாருக்காவது பாத்தியதை இருக்குதா?"

கொளஞ்சியம்மாள் சடையப்பன் பக்கம் பார்க்கவே இல்லை. பாடம் அப்படி.

"யாருக்கும் இல்லீங்க."

ஆபீசர் திரும்பினார். "நீங்க யாரு?"

சடையப்பன் மூட்டை எண்ணுவதை நிறுத்தினார். உண்மையைச் சொன்னால் பொய்யாக வாங்கிய சலுகைக் கடனுக்குக் கேஸ். சொல்லாவிட்டால் கொட்டகை போச்சு. யோசிக்கலாம் என்றால், இந்த ரகத்துக்கு வாய் முந்திக்கொள்ளுமே.

"நான் சும்மாங்க. மூட்டை எண்ண வந்தேன்."

ஆபீசர் அதையும் எழுதிக்கொண்டார். கொளஞ்சியம்மாள் கையெழுத்துப் போட்டாள். ஜீப் போய்விட்டது. அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"எழுந்திரு கொளஞ்சி, அவுங்கதான் போயிட்டாங்களே."

"தெரியுதுங்க" என்றாள். "நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் லோடு ஏத்தணும். நேரத்தோட வந்துடுங்க. கூலி சனிக்கெழமதான்."

சடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. யாரிடம் போய் முறையிடுவது? எங்கே போனாலும் முதல் கேள்வி, நீங்கள் யார் என்பதுதானே.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வரி மிச்சம் என்று மனைவி பேரில் பதிவு செய்தீர்களே ஒரு மனை, அந்தப் பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது? சாவி யாரிடம்? எதற்கும் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று ஆரம்பிக்காமல், பேசாமல் சாப்பிட்டு எழுந்திருங்கள்.