எலிக்குச் சுட்ட ரொட்டி

தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்கிறவனைக் கவிழ்க்க எதிரி வேண்டியதில்லை. அவன்மேல் இரக்கப்படுகிற ஒரே ஓர் ஆள் போதும். நான் கவிழ்ந்தது அப்படித்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் உதவியாளனாக இருந்தேன். வேலை, காய்ச்சலுக்கு மிக்சர் மருந்து ஊற்றிக் கொடுப்பது. நினைப்போ பெரிய விஞ்ஞானி என்று! கொழும்பில் ஒரு பேராசிரியருக்கு ஆய்வுகூட உதவியாளர் தேவையென்று கேள்விப்பட்டுக் கடிதம் போட்டேன். அவர் பதில் எழுதினார். மூளையில் செரட்டோனின் என்று ஒரு சரக்கு இருக்கிறதாம். சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுக்கும் ஒரு மாத்திரை அதைக் காலி செய்துவிடுமாம். பிறகு எலி புது இடத்தைச் சுற்றிப் பார்க்காமல் சுருண்டு கிடக்குமாம், பழகிய வழியும் மறந்துவிடுமாம். "செய்து காட்டும், பார்த்துவிட்டு வேலை தருகிறேன்" என்று மாத்திரைகளையும் அனுப்பிவிட்டார்.

பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளில் சந்துபொந்துகள் வைத்து ஒரு கூண்டு அடித்தேன். அரிசி ஸ்டோரில் ஆறு எலி பிடித்து, ஒரு மாதம் அவற்றுக்கு மறுமுனையில் வைத்த தீனிக்குப் போக வழி பழக்கினேன். (அந்த நேரத்தில் லயத்துத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருந்தால் புண்ணியமாவது சேர்ந்திருக்கும்.) மூன்று எலிகளின் வாலில் சிவப்பு நூல் கட்டினேன். மருந்து அந்த மூன்றுக்கு மட்டும்தான். எலிக்கு மருந்து கொடுக்கிறேன் என்றால் தோட்டமே கைகொட்டிச் சிரிக்கும் என்று மாத்திரை விஷயத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை.

பேராசிரியர் வரும் நாள் காலையில் மாத்திரைப் பொடியைப் பிசைந்து சுடச்சுட ஒரு ரொட்டி சுட்டு மூடி வைத்தேன். எனக்கு முந்தின இரவு மிஞ்சிய ரொட்டி, தட்டில் இருந்தது. குளிக்கப் போகும்போது, தோட்டத்து மருத்துவச்சி ரோசம்மாவிடம், "மூடி வச்சிருக்க ரொட்டிய சிவப்பு நூல் எலிங்களுக்குப் போட்டுருங்க" என்றேன்.

திரும்பி வந்தால் என் தட்டில் சுடுரொட்டி! அடடா, ரோசம்மா எனக்காகச் சுட்டுக் கொண்டுவந்திருக்கிறாள்! நெஞ்சு பூரித்து, துணுக்குகூட விடாமல் தின்றேன்.

மத்தியானம் வட்டகொடை ஸ்டேசனுக்குப் போய்ப் பேராசிரியரை அழைத்துக்கொண்டு நடந்தேன். ஆயிரம் தடவை நடந்த குறுக்குப்பாதை. அன்றைக்கு எல்லாத் தேயிலை நிரையும் ஒன்றுபோலவே தெரிந்தது. ஒரே மாட்டுப்பட்டியை மூன்று முறை சுற்றிவந்தோம். மூன்றாம் முறை நான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன தம்பி, வழி தெரியேல்லையோ?"

"கொஞ்சம் சும்மா இருப்போமே சார்" என்றேன். வேலை, கொழும்பு, எதுவுமே அவசரமாகத் தோன்றவில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள்தான் எங்களை வழி காட்டிக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கூண்டைத் திறந்தேன். ஆறு எலியும் பிய்த்துக்கொண்டு ஓடின. சிவப்பு நூல் எலிதான் முதலில் போய்ச் சேர்ந்தது.

"எந்த எலிக்கு மருந்து குடுத்தது?" என்றார் பேராசிரியர்.

"மறந்துட்டேன் சார்."

வாசலில் நின்ற ரோசம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மருந்தா? ஐயோ மாதாவே! எலிக்குச் சுடுரொட்டி, மனுசனுக்குக் காஞ்ச ரொட்டியான்னு மனசு கேக்காம நாந்தாங்க மாத்தி வச்சேன்!"

பேராசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பரிசோதனை நல்லாத்தான் நடந்திருக்குது, தம்பி. எலிதான் ஆள் மாறிப் போச்சு."

வேலை வேறொருவனுக்குப் போய்விட்டது. "எல்லாம் என்னாலதாங்க" என்று ரோசம்மா ஒரு வாரம் அழுதாள். எனக்கும் வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்காக ஒருத்தி அழுகிறாள் என்பது கொழும்பு வேலையைவிட இனிப்பாக இருந்தது. அடுத்த தை மாதம் எங்களுக்குக் கல்யாணம்.

இன்றைக்கும் நான் குடையை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடினால், "அப்பாவுக்கு யாரு ரொட்டிய மாத்துனது?" என்று பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். ரோசம்மாவோ, கல்லிலிருந்து இறங்கும் முதல் ரொட்டியை என் தட்டில் வைத்துவிட்டு, நான் அதைப் பிட்டு உள்ளே பார்க்கிறேனா என்று கவனித்துக்கொண்டே நிற்பாள். பார்க்காமல் நான் இன்றுவரை தின்றதில்லை.